அப்பா போட்ட மெயில்கள்

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெயரில் இணையத்தில் ஒரு டொமைன் வாங்கினேன். மஸ்கட்டில் வேலை கிடைத்த புதிதில் பிடித்த கிறுக்கு அது. அதில் கேட்ச்-ஆல் என்று ஒரு வசதி. மெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் எந்தப் பெயரை அடித்தாலும் என் பெட்டிக்கே வந்து சேரும்.

கிளார்க்காக இருந்து ரிட்டையரான அப்பாவுக்கு அது தோதாகப் போயிற்று. சந்தோஷமாக இருந்தால் 'மக்கா' என்ற முகவரிக்கு எழுதுவார். கோபம் என்றால் 'ஏலே'. ஒரு மாதம் நான் கூப்பிடாமல் இருந்தபோது 'பெரியமனுஷன்' என்று போட்டு அனுப்பினார். என் சொந்தப் பெயருக்கு ஒரு நாளும் எழுதியதில்லை. முக்கியமான விஷயத்தைப் போனில் பேசவும் மாட்டார், அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

பிறகு குப்பை வர ஆரம்பித்தது. சேல்ஸ், அட்மின், அக்கவுண்ட்ஸ் என்று எங்கள் வீட்டில் பிறக்காத ஆட்களுக்கெல்லாம் மெயில். லாட்டரி, ஆண்மை மருந்து, பார்சல் வந்திருக்கிறது என்ற புளுகு. எந்தக் களவாணி எந்தப் பெயரை அடித்தாலும் உள்ளே வந்துவிடுகிறான். ஒரு வெள்ளிக்கிழமை, சனியன் ஒழியட்டும் என்று கேட்ச்-ஆலை அணைத்தேன். என் பெயருக்கு வருவது மட்டும் போதும். அப்பாடா, என்ன நிம்மதி! அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் போனில் கேட்டார். "மக்கா, மெயிலு போட்டேனே, பாத்தியா?"

"பாத்தேம்ப்பா, பாக்கலாம்" என்றேன். பார்க்கவில்லை. தேங்காய் விலையும் சர்ச் கமிட்டிச் சண்டையும்தான் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். பிறகும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பொய்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவருடைய டேப்லெட்டைத் திறந்தேன். நான் கேட்ச்-ஆலை அணைத்த பிறகு 'மக்கா'வுக்கு ஐந்து மெயில் போட்டிருந்தார். ஒன்றுமே எனக்கு வந்து சேரவில்லை. அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்த இங்கிலீஷ் அறிவிப்புகள் ஐந்தும் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் கிடந்தன. தெரியாத இடத்திலிருந்து இங்கிலீஷில் எது வந்தாலும் திருட்டுப் பயல்கள் வேலை, திறக்காமல் அழித்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவன் நான்தான். சொன்னதை அப்படியே கேட்டிருந்தார், பாவி மனுஷன்.

முதல் மெயில்: "நெஞ்சுல மூணு அடைப்பு இருக்காம். ஒடனே ஆப்பரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லுதாரு. அம்மைகிட்ட சொல்லாண்டாம். நீ எப்ப வருவேன்னு சொல்லு மக்கா, அப்பம் வச்சுக்கிடலாம்."

டேப்லெட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன்.

கடைசி மெயில் இறப்பதற்கு நான்கு நாள் முன்பு எழுதியது: "நீ பாத்தேன்னு சொன்ன பொறவுதான் மனசுக்கு ஒரு சமாதானம். அவசரப்படாண்டாம், லீவு கிடைச்சதும் வா. எனக்க மவன் வருவான், அதுவரைக்கும் பொறுங்கன்னு டாக்டர்ட்ட சொல்லியாச்சு."