தவிடு அளந்த படி

கோதுமை துளி சேர்ந்தாலும் குடல் புண்ணாகிவிடும் நோய் என் எட்டு வயது மகளுக்கு இருப்பதாகப் பெரம்பலூர் டாக்டர் சொன்ன அன்றே சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அப்படியும் வயிற்றுவலி நிற்கவில்லை.

ஒருநாள் எங்கள் பசு செவலைக்குக் கோதுமைத் தவிடு கலக்கும்போது பொறி தட்டியது. மாடு தின்பதுதானே பாலில் வரும்? யாரையும் கேட்கவில்லை. குன்னத்து வியாபாரியை வரச்சொல்லி விற்றுவிட்டேன். மகள் கயிற்றை விடாமல் அழுதாள். "ஒன் நல்லதுக்குத்தான்டி" என்று அவள் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

வலி நின்றது. அடுத்த முறை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன்: "மாட்ட வித்துட்டேன் சார். இப்ப நல்லா இருக்கா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மாடு தின்ன கோதுமை பால்ல வராதும்மா. தவிட்ட எதுல அள்ளுனீங்க?"

"படியிலதான் சார்."

"பாப்பாவோட மாவு?"

வீட்டில் இருந்தது ஒரே படி. தவிடு அள்ளியதும் முந்தானையில் துடைத்துவிட்டு, அதிலேயேதான் அவளுக்குக் கம்பு மாவு எடுப்பேன்.

பக்கத்தில் இருந்த மகள் கேட்டாள்: "அப்ப செவல மேல தப்பில்லையாம்மா?"

வெளியே வந்ததும் வியாபாரிக்குப் போன் செய்தேன். "அது மறுநாளே லாரி ஏறிடுச்சுங்க. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

விற்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது பாக்கெட் பால்தான் காய்ச்சித் தருகிறேன். மகள் மறுக்காமல் குடிக்கிறாள். குடித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.