வாசிக்காமல் போட்ட கையெழுத்தும் எங்களுக்குக் கிடைத்த சட்டத்தரணியும்

என் கணவர் ஜெயராஜைப் பொலிஸ் பிடித்தது போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. கல்கிசையில் ஒரு தொடர்மாடிக்கு முன்னால் தன் சின்ன லொறியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கொட்டாஞ்சேனை வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான். கர்த்தர் செய்ததைச் சொல்லும் சாட்சியில் பகிடி எதற்கு என்று கேட்பீர்கள். நான் அப்படித்தான். கர்த்தருக்கும் அது தெரியும்.

ஜெயராஜ் வாடகைக்குச் சாமான் ஏற்றி இறக்குபவர். யார் கூப்பிட்டாலும் போவார். அன்றைக்கு ஒரு கடைக்காரர் கொடுத்த பெட்டிகளில் இருந்தவை களவுபோன கைத்தொலைபேசிகள். அடுத்த நாள் நீதவான் முன் கொண்டுபோனார்கள். களவுச் சாமான் என்று தெரிந்துதான் ஏற்றினேன் என்று சந்தேகநபர் ஒப்புக்கொண்டு, வாக்குமூலத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறார் என்று பொலிஸ் அறிக்கை சொன்னது. சிறையில் பதினான்கு நாள் விளக்கமறியல்.

அவருடைய கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டார் என்றும் தெரியும். அப்படியென்றால் அந்த ஒப்புதல் உண்மையா? எனக்குச் சந்தேகம் வந்தது. சாட்சி என்றால் இதையும் மறைக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட மனுசனை நான் மூன்று வாரம் சந்தேகப்பட்டேன்.

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கொழும்பில் எல்லோரும் வைத்தியர். வழக்கு என்றால் எல்லோருக்கும் ஒரு சட்டத்தரணியைத் தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மூன்று பேருடைய பெயர் வந்தது. நம்மட ஆளாக, விசுவாசியாக, தமிழனாக இருக்கவேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமனம். எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. முடிவெடுக்க முடியாதபோது உபவாசமிருந்து, பெயர்களைத் துண்டில் எழுதி, சீட்டுப் போட்டு எடுப்போம். வீடு வாங்குவதற்கும் எடுத்திருக்கிறோம், மாப்பிள்ளைக்கும் எடுத்திருக்கிறோம். அந்த மாப்பிள்ளையைப் பற்றி இங்கே எழுதவில்லை.

சீட்டை நான்தான் எடுத்தேன். எங்கள் மூப்பரின் மைத்துனர் பெயர் வந்தது. வயதானவர், தங்கமான மனுசர். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு. அவரும் சட்டத்தரணிதானே, சீட்டும் விழுந்துவிட்டதே என்று போனேன். வழக்கின் அடுத்த தவணைக்கு முதல் நாள் முழுக்க, "ஆண்டவரே, நாளைக்கு அவருடைய வாயைத் திறந்தருளும்" என்று ஜெபித்தேன்.

நீதிமன்றத்தில் அவர் இரண்டு வசனம் பேசினார். நீதவான் ஒரு கேள்வி கேட்டார். அவர் கோப்பைப் புரட்டினார். நீதவான் காத்திருந்தார். இன்னும் பதினான்கு நாள் விளக்கமறியல். கூண்டிலிருந்து ஜெயராஜ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வெளியே வந்து பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நொத்தாரிசு ஐயாவுடன் இருந்தேன். கர்த்தரோடு எனக்குக் கடும் கோபம். ஐயா தேத்தண்ணியைக் கையில் எடுத்தவர் குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லவேணும். நான் காணி உறுதி எழுதுறவன். கிரிமினல் வழக்கில எழும்பி நிண்டு இருபது வருசத்துக்கு மேல. மச்சான் கேட்டதால மறுக்க முடியேல்ல. சீட்டு விழுந்தது எண்டு வேற சொன்னீங்கள். அதுக்குப் பிறகு எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?"

வாயைத் திறந்தருளும் என்றுதானே கேட்டேன். திறந்திருந்தது. இடம்தான் நான் நினைத்த இடமில்லை.

"இப்ப நான் என்ன செய்ய ஐயா?" என்று கேட்டேன்.

"ஒருத்தற்ற சொல்லையும் கேட்காதீங்கோ, என்ர சொல்லையும் சேர்த்துத்தான். ரெண்டு நாள் கோர்ட்டில பின்னால இருக்கிற வாங்கில இருந்து பாருங்கோ. ஆர் கோப்பை வாசிச்சிட்டு வருகினம், ஆர் கூண்டில நிக்கிறவனோட முதல் கதைக்கினம் எண்டு பாருங்கோ. பேர் கேட்டு ஆளைத் தேடாதீங்கோ."

இரண்டு காலை போய் இருந்தேன். அங்கே இருந்துகொண்டே ஜெபித்தேன். இந்தத் தடவை சீட்டு இல்லை, கண்ணைத் திறந்து வைத்துத்தான். சத்தமாகப் பேசியவர்கள் நிறையப்பேர். ஒரு முஸ்லிம் பெண் சட்டத்தரணி மட்டும், வழக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கிழவரின் பக்கத்தில் போய்க் குனிந்து, அவர் சொன்னதை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்று நாலே நாலு வசனம் பேசினார். கிழவருக்குப் பிணை. அவருடைய பெயர் ரிஸ்னா. விசுவாசியுமில்லை, கூட்டத்தில் சொன்ன பட்டியலிலும் இல்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

ரிஸ்னா மிஸ் என்னிடம் முதலில் கேட்டது காசையல்ல.

"வாக்குமூலம் என்ன மொழியில எழுதினது?"

"சிங்களத்தில, மிஸ்."

"உங்கட கணவர் சிங்களம் வாசிப்பாரா?"

ஜெயராஜ் பதினாறு வயதில் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்தவர். அவர் சிங்களம் பேசினால் சிங்கள ஆட்களே தங்கள் ஆள் என்று நினைத்து ஊர் எது என்று கேட்பார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் சிங்களக் கடிதங்களை அவர் என் பக்கம் தள்ளிவிடுவார், கண்ணாடி இல்லை என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. இப்போது அதை ஒரு அந்நியரிடம் சொல்வது அவருடைய சட்டையைச் சந்தியில் கழற்றுவதுபோல இருந்தது.

"அவருக்கு வாசிக்கத் தெரியாது மிஸ்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அவர் கையால எழுதினது வீட்டுல ஏதாவது இருக்கா? இருந்தா கொண்டாங்க. ஆனா நான் வென்று தருவன் என்று சொல்ல ஏலாது, அத விளங்கிக்கொள்ளுங்க."

ஒரு சின்னக் கொப்பி இருந்தது. சாமான் இறக்கவேண்டிய விலாசங்களை முதல் நாள் இரவே வீட்டில் எழுதிவைக்கிற கொப்பி. அதில் எல்லாச் சிங்கள விலாசங்களும், சிங்களப் பெயர்களும், தமிழ் எழுத்தில். ஏழு வருடம், ஒரு சிங்கள எழுத்துக்கூட இல்லை. பிடிபட்ட நாளின் பக்கத்தில் கடைக்காரரின் பெயரும், எத்தனை பெட்டி, எந்த மாடி என்பதும் மற்ற நாட்களைப்போலவே இருந்தன. களவு என்று தெரிந்தவன் அப்படி எழுதிவைப்பானா? கொப்பியை மடியில் வைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அங்கே இல்லை. இருந்தாலும் கேட்டேன்.

அடுத்த தவணையில் மிஸ் கொப்பியை நீதவானிடம் கொடுத்தார். பொலிஸ் அதிகாரி எழுந்து, "சேர், இவர் எங்களைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறார்" என்றார். நீதவான் ஒரு சிங்களத் தாளை ஜெயராஜிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஜெயராஜ் தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். பொலிஸிலும் இப்படித்தான் ஓட்டியிருப்பார் என்று அப்போது எனக்கு விளங்கியது. வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள் என்று சொன்னபோது, வாசிக்கிற மாதிரிப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார். தெரியாது என்று சொல்ல வெட்கம்.

ஆண்டவரே, இப்போது இவருடைய வாயைத் திறந்தருளும் என்றேன்.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, சேர்," என்றார் ஜெயராஜ். அதையும் பிழையில்லாத சிங்களத்தில் சொன்னார். கூண்டில் நின்றபடியே அழுதார். அன்றைக்கே பிணை. ஏழு மாதம் கழித்து அவரை வழக்கிலிருந்து விடுவித்து, பெட்டிகளைக் கொடுத்த கடைக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று ஜெயராஜ், "அத மிஸ்கிட்ட சொல்லிட்டே, இல்ல?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நல்லது," என்றார். இப்போது வங்கியிலும் தபால் கந்தோரிலும் சிங்களத் தாளை நீட்டினால், "வாசிச்சுச் சொல்லுங்க, எனக்குத் தெரியாது" என்று சாதாரணமாகச் சொல்கிறார்.

இந்தச் சாட்சியை நான் முதலில் சொன்னது எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தில். கூட்டம் முடிந்து செருப்புத் தேடும்போது மூப்பர் என் பக்கத்தில் வந்தார். சீட்டுப் போடச் சொன்ன அதே மூப்பர். கொழும்புக்கு வந்து முப்பது வருடம். தன் வேதாகமத்தைத் திறந்து, நடுவிலிருந்து மடித்த ஒரு சிங்களக் கடிதத்தை எடுத்தார். மடிப்புகள் கிழிகிற அளவுக்குப் பழசு.

"தங்கச்சி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?" என்றார்.

நன்றி சொல்ல எனக்கு வேறு வார்த்தை வேண்டாம். கர்த்தர் நாம் கேட்ட ஆளை அனுப்பமாட்டார், தேவையான ஆளை அனுப்புவார். நம்பிக் கேளுங்கள், கண்ணைத் திறந்து வைத்துக் கேளுங்கள். உங்கள் வேதாகமத்துக்குள்ளும் அப்படி ஒரு தாள் இருந்தால் புதன்கிழமை கொண்டுவாருங்கள். முதலில் ஜெபிப்போம், பிறகு வாசிப்போம்.