யூலான் காயவைத்த கிழங்கு மா

காலை பதினொரு மணி இருக்கும். சிட்னி நார்த்மீட் வீட்டுக் குசினியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. என் மகன் ஈசன் வேலைநேரத்தில் வீட்டுக்கு வருபவன் அல்ல. சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே வந்து, "அம்மா, அடுப்பை அணையுங்கோ" என்றான்.

"பொறு, இன்னும் ஒரு தட்டுத்தான் கிடக்கு. சூட்டோடை கொண்டுபோனால்தான் அவள் ரெண்டு வாய் தின்னுவாள்."

"இனி அவவுக்கு ஒண்டும் வேண்டாம் அம்மா."

என் மருமகள் யூலான் காலமான செய்தி என்னிடம் இப்படித்தான் வந்தது. அவருக்கு வயது முப்பத்திநான்கு. தாய்வான் நாட்டில் பிறந்து, கப்பல் எஞ்சினியரான என் மகனைக் கைப்பிடித்து, சிட்னியில் எங்கள் வீட்டுப் பிள்ளையாக வாழ்ந்தவர். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதும்படி ஈசன் கேட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் என் கையெழுத்தை யாரும் குறைசொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது அவரை 'அவள்' என்றுதான் சொன்னேன். அச்சில் 'அவர்' என்று எழுதுகிறேன். இந்த மரியாதையைக் கொடுக்க நான் நன்றாகச் சுணங்கிவிட்டேன்.

வெள்ளையர் அல்லாதவர்களையும் இந்த நாடு எடுக்கும் என்று சட்டம் மாறியதன் பிறகு ஈசன் குடும்பம் இங்கே வந்தது. பேத்தி மீனா பிறந்தபோது பிள்ளை பார்க்க நான் வந்தேன். விமான நிலையத்தில் யூலான் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஈசனிடம் பழகிய தமிழில் "வாங்கோ மாமி" என்றார். யாழ்ப்பாணத்தில் என் சொந்தக்காரர் ஒருவரும் அவ்வளவு தெளிவாக என்னை வரவேற்கவில்லை. நான் பதிலுக்கு, "தாயும் பிள்ளையும் மெலிஞ்சுபோய்க் கிடக்கிறியள்" என்று மட்டும் சொன்னேன். என் வாய் அப்படி.

அவருடைய ஊர்த் தெருக்களில் விற்கும் ஒரு பலகாரம் இருக்கிறது. பா-வான் என்பார். இறைச்சி உருண்டை என்று பொருளாம். நான் வந்த இரண்டாம் கிழமையே எனக்காக அதைச் செய்யத் தொடங்கினார். அதற்கு வேண்டிய கிழங்கு மா அப்போது சிட்னியில் எங்கும் இல்லை. சீனக் கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டு, சந்தையில் ஒரு சாக்கு வற்றாளங்கிழங்கு, சர்க்கரைவள்ளி என்பார்களே அது, வாங்கி வந்தார். தோல் சீவி, துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய சீலையில் பிழிந்து வாளியில் விட்டார். மறுநாள் மேல்தண்ணீரை ஊற்றிவிட, அடியில் சுண்ணாம்பு போல மா படிந்திருந்தது. அதைக் கொத்தியெடுத்துப் பின்வளவில் வெள்ளைச் சீலை விரித்துக் காயவைத்தார். கொடியில் உடுப்புக் காய, கீழே மா காயும். ஒரு சாக்குக் கிழங்குக்குப் பெரிய கோப்பிப் போத்தல் ஒன்று நிறைய மாதான் தேறும்.

"இவ்வளவு பாடு பட்டு இதைத் தின்னவேணுமே?" என்று கேட்டேன்.

"எங்கட ஊரிலை ஒருக்கா ஆறு பெருகி எல்லாத்தையும் கொண்டு போட்டுது மாமி. என்ர பாட்டாவின்ர காலம். அரிசி இல்லை. கோயிலிலை எழுத்துவேலை செய்த ஒருத்தர் காஞ்ச வற்றாளங்கிழங்கை இடிச்சு, மாவாக்கி, உருட்டி அவிச்சுக் குடுத்தார். அதுதான் முதல் பா-வான்." பிறகு சிரித்துக்கொண்டு, "பக்கத்து ஊர்க்காரர் தாங்கள்தான் முதல் எண்டு இப்பவும் சண்டை பிடிப்பினம்" என்றார்.

நான் கதையை அரைக்காதில் கேட்டேன். என் கண் மேசையில் வெட்டி வைத்திருந்த பன்றி இறைச்சியில் நின்றது.

செய்முறையையும் சொல்லவேண்டும். முதலில் அரிசிமாவைக் கஞ்சியாகக் காய்ச்சுவார். அடுப்பிலிருந்து இறக்கி, கைவிரலை வைத்துப் பொறுக்கும் அளவுக்குச் சூடு தணியும்வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் கிழங்கு மாவைக் கொட்டிக் கிண்டுவார். தேத்தண்ணிக் கோப்பையின் கீழ் வைக்கும் சோசரில் எண்ணெய் பூசி, அந்தக் களியைத் தடவி, நடுவே இறைச்சியும் மூங்கில் குருத்தும் காளானும் வைத்து, மேலும் ஒரு கரண்டி களியால் மூடி, நீராவியில் அவிப்பார். அவிந்ததை இளஞ்சூட்டு எண்ணெயில் கொஞ்ச நேரம் கிடத்தி எடுத்து, கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, இனிப்பும் உறைப்புமான கூழ் ஒன்றை மேலே ஊற்றுவார். தோல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

எனக்குப் பொறுமை இல்லை. "கொதிதண்ணியிலை மாவைக் குழைக்கத் தெரியாத பெட்டையை இண்டைக்குத்தான் காணுறன்" என்பேன்.

"சூடு போகட்டும் மாமி."

"இடியப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் நாங்கள் கொதிக்கக் கொதிக்கத்தானே ஊத்துறம்?"

"இது பொல்லாத மா. சூடு பட்டால் கோவிச்சுக்கொண்டு கட்டியாப் போகும்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களைப் போலை" என்றார். ஈசன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

முதல் முறை அவித்தது என் ஆறு சோசர்களில். யாழ்ப்பாணத்திலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த பூப்போட்ட சோசர்கள். பன்றி பட்ட சோசரில் நான் தேத்தண்ணி குடிப்பதா என்று அவற்றைக் குப்பைப் பெட்டியில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த சனிக்கிழமை பழைய பொருள் கடைக்குப் போய் வேறு ஆறு சோசர் வாங்கி வந்து, அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொரு பொட்டு வைத்தார்.

"இது உங்கட மாமி. இதிலை பண்டி வராது. காளானும் மூங்கிலும்தான்."

அதன் பிறகு எப்போது பா-வான் செய்தாலும் எனக்கென்று அந்தச் சோசர்களில் புறம்பாக அவித்து மேசையில் வைப்பார். ஐந்து வருடம் வைத்தார். நான் ஒருநாளும் தொடவில்லை. "கொழுக்கட்டை தண்ணிக்குள்ளை விழுந்து ஊதின மாதிரிக் கிடக்கு" என்பேன். "உங்கட கொழுக்கட்டை வெள்ளைச் சட்டை போட்டிருக்கு மாமி, இது மழைச்சட்டை போட்டிருக்கு" என்பார். ஆறியதும் தாமே சாப்பிட்டுவிடுவார். கோபிக்கமாட்டார். கோபித்திருந்தால் நான் ஒன்றையாவது தின்றிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் வயிற்றில் நோய் வந்தது. வெட்டிப் பார்த்த டொக்டர்மார் இனி ஒன்றும் செய்ய ஏலாதென்று திரும்பத் தைத்துவிட்டார்கள். கடைசிக் கிழமையில் நான் கொண்டுபோன புட்டை அவரால் விழுங்க முடியவில்லை. என் கையைப் பிடித்து, "மாமி, பா-வான் ஒண்டு தின்ன ஆசையாக் கிடக்கு" என்றார். "மா போத்திலிலை கிடக்கு" என்றும் சொன்னார்.

எப்படிச் செய்வது என்று அந்த நேரமே கேட்டிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "வீட்டை வந்து நீயே செய்து தின்."

தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னேன். "ஓம் மாமி" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில் எட்டாம் நாள், இறந்தவருக்கு ஆசையான சாப்பாட்டைச் சமைத்துப் படைக்கவேண்டும். எட்டுச்செலவு என்போம். யூலானுக்கு என்ன விருப்பம் என்று ஈசன் யோசித்து, "புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவா" என்றான். "அது நாங்கள் குடுத்ததைத் திண்டது. அவளுக்கு விருப்பம் பா-வான்" என்றேன்.

"ஆருக்கு அம்மா செய்யத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அஞ்சு வருசம் பார்த்தனான்."

வாழ்நாளில் முதல் தடவையாகப் பரமற்றாவில் இறைச்சிக் கடைக்குள் போனேன். விரலால் காட்டிப் பன்றி வாங்கினேன். என் சட்டியிலேயே வதக்கினேன். மணம் அவர் செய்கிற மாதிரியே வந்தது. சிவப்புப் பொட்டு வைத்த சோசர்களை எடுத்து எண்ணெய் பூசினேன். அலுமாரியில் இருந்தது ஒரே ஒரு போத்தல் மா. நோய் வருவதற்கு முந்திய கோடையில் அவர் காயவைத்தது. முழுவதையும் பாத்திரத்தில் கொட்டினேன். கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அறுபது வருடப் பழக்கம். கொதிக்கக் கொதிக்கத் தூக்கி மாவின் மேல் ஊற்றினேன்.

ஊற்றி முடிப்பதற்குள் 'சூடு போகட்டும் மாமி' என்று காதுக்குள் கேட்டது. மா அதற்குள் பசையாகத் திரண்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கட்டி. தண்ணீர் விட்டேன், கிண்டினேன், கையால் பிசைந்தேன். ஒன்றும் வழிக்கு வரவில்லை. அப்படியே அவித்தேன். அவித்தது சோசரை விட்டு வரவில்லை. ஈசன் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் படையலில் வைத்தான். "பரவாயில்லை அம்மா" என்றான். அவன் முகத்தில் அப்படி இல்லை. மீனா ஒரு வாய் வைத்துவிட்டு, "நொட் அம்மாஸ்" என்றாள். அம்மா செய்தது மாதிரி இல்லையாம். துப்பிவிட்டாள்.

அன்றுதான், இறைச்சி இல்லாத ஒரு துண்டை எடுத்து நானும் தின்றேன். பல்லில் ஒட்டியது, ஒரு ருசியும் இல்லை. அப்போதுதான் அவர் சொன்ன வெள்ளக் கதை முழுதாக நினைவுக்கு வந்தது. முதல் பா-வானில் இறைச்சியே இல்லை. வெறும் கிழங்கு மாதான். பன்றி பட்ட பலகாரம் என்று சாட்டுச் சொல்லி நான் ஐந்து வருடம் ஒதுக்கியிருக்கத் தேவையே இல்லை. அவர் அதை முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்.

ஈசன் பிறகு இரண்டு சாக்குக் கிழங்கு வாங்கி வந்தான். பிழியலாம், காயவைக்கலாம். அது என் கையால் காய்ந்த மா. அவர் கையால் காய்ந்ததை நான் கொதிகஞ்சி ஊற்றிக் கெடுத்துவிட்டேன். கிழங்கு கராஜில் முளைத்துக் கிடக்கிறது.

பிள்ளை யூலான், உங்கள் ஆறு சோசரையும் ஊறவைத்துக் கழுவி, பொட்டு அழியாமல் துடைத்து, திரும்ப அலுமாரியில் அதே தட்டில் வைத்திருக்கிறேன். போத்தலை மட்டும் கழுவவில்லை. அதன் உள்பக்கத்தில் கொஞ்சம் மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் வழித்தால் ஒரு சிட்டிகையும் வராது. எங்கள் வீட்டில் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை. போய்விட்டு வா என்பதை 'போட்டு வா' என்போம். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். என்றாலும் எனக்கு வேறு சொல் தெரியவில்லை. போட்டு வாங்கோ அம்மா.