மேல்வீட்டு அக்காவிடம் திருப்பி வாங்கிய சாவி

இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் சீசா பகுதியில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். என் ஆறு மாத மகள் நான் தூக்கினால் சிணுங்குவாள். மேல்வீட்டில் இருக்கும் மன்னார்க்கார அக்காவைக் கண்டால் வாய் கொள்ளாமல் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். "இவள் எனக்குப் பிறக்க வேண்டியவள்" என்று அக்கா ஒருநாள் பகிடியாகச் சொன்னதும், அவசரத்துக்கென்று அவரிடம் கொடுத்திருந்த எங்கள் வீட்டுச் சாவியை ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி வாங்கிவிட்டேன்.

அடுத்த கிழமை குப்பைப் பையை வைக்க வெளியே வந்தேன். காற்றுக்குக் கதவு அடித்துப் பூட்டிக்கொண்டது. உருளப் பழகிய பிள்ளை உள்ளே கட்டிலில். நான் கத்தக் கத்த அவளும் வீரிட்டாள்.

அக்கா இறங்கி ஓடிவந்தார். "சாவி எங்கை?"

"உள்ளுக்கை கிடக்கு, அக்கா."

"நல்லாத்தான் வாங்கி வைச்சாய். கத்தாதை, உன்ர மனுசனுக்குப் போன் எடு."

பிறகு கதவோடு வாயை வைத்து, "என்ர குஞ்செல்லே, அழாதையடி" என்று கதைக்கத் தொடங்கினார். அழுகை அடங்கியது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

கபோ சந்தையில் வேலை செய்யும் கணவர் தன் சாவியோடு வந்து திறந்தபோது, பிள்ளை கட்டில் விளிம்பில் கிடந்தாள்.

இப்போது தரையில் பாய் விரித்துத்தான் கிடத்துகிறேன். சாவியையும் நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் அக்காவைக் கண்டு சிரிக்கும்போது இன்னும் வயிறு எரிகிறதுதான். எரியட்டும்.