மறுபடி காய்ச்சிய கடல்பாசி

டேக்சாவின் மூடியைத் திறந்ததும் ஜெரோம் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. கிண்ணங்களில் ஊற்ற வேண்டிய கடல்பாசி, பாத்திரத்திலேயே கட்டியாக உறைந்து கிடந்தது.

அந்தமானில், பாராடாங் தீவில் சொந்தப் படகு வைத்து மீன் பிடிப்பவர் அவர். மகளுக்குக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா வீகன். மீன், முட்டை மட்டுமல்ல, பாலும் நெய்யும்கூடத் தொடமாட்டார். பெண் பார்க்க வந்தபோது இந்த வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். "மீன்காரன் வீட்டுல அந்தம்மா கை நனைக்காது" என்று சொந்தக்காரர்களே கேலி பேசினார்கள். அது அண்ணனை அரித்துக்கொண்டே இருந்தது. இன்று நிச்சயதார்த்தம். சம்பந்தியின் வாயில் முதலில் இனிப்பு பட வேண்டும். அதற்காகவே போர்ட் பிளேரிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு ஹோட்டல் அடுப்படிக்கு வந்தவன். ஆட்களிடம் பேசத்தான் கூச்சம், அடுப்பு வேலையில் பயம் கிடையாது.

வீகன்காரர்களுக்கு ஜெலட்டின் ஆகாது. அது மாடு, பன்றியின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. அதற்குப் பதில் கடல்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று வெள்ளை இழையாகக் கிடைக்கும். ஊறவைத்து, இழை முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். ஆறினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும்.

விருந்து வீட்டில் அடுப்பு காலியாக இருக்காது என்றார்கள். அதனால் போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் என் வீட்டிலேயே காய்ச்சி, டேக்சாவைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தேன். வழியில் வண்டி பஞ்சர். காட்டுச் சாலையில் குறித்த நேரத்தில்தான் வண்டிகளை வரிசையாக, கான்வாயாக விடுவார்கள்; முதல் கான்வாய் போய்விட்டது. அடுத்ததற்குக் காத்திருந்து ஃபெர்ரி கடப்பதற்குள் எல்லாம் ஆறிவிட்டது.

"கெட்டுப்போச்சா மாஸ்டர்? நேராச் சொல்லிரும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க படகுத்துறையில இறங்கிட்டாங்க."

"கெடல அண்ணே. ஒரே ஒரு அடுப்பு குடுங்க."

எல்லா அடுப்பிலும் வேலை; ஒன்றில் அந்தம்மாவுக்கென்று பால், நெய் சேராத காய்கறிச் சமையல், மற்றதில் மீன். அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு கொதித்துக்கொண்டிருந்த சூரைமீன் குழம்பைத் தானே இறக்கிவைத்து, அடுப்பையும் துடைத்துக் கொடுத்தார். வந்தவர்களுக்கு எதை ஊற்றுவது என்று அவர் மனைவி பதறினார்.

"நம்மாளுக காத்திருப்பாக. நீ இளநிய வெட்டச் சொல்லு."

கட்டியை உடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தேன். புதிதாக வருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரவள்ளி மாவில் கெட்டியாக்கியதை மறுபடி காய்ச்சினால் நெகிழ்ந்துபோகும். கடல்பாசி இளகி, ஆறினதும் திரும்பப் பிடிக்கும். உறைந்துவிட்டதே என்று கொட்டாதீர்கள்; எதைப் போட்டு உறைந்தது என்று பாருங்கள். தேங்காய்ப்பாலை மட்டும் கொதியில் விடக்கூடாது, திரியும். இறக்கியபின் வெதுவெதுப்பாகச் சேர்த்தேன். கிண்ணங்களைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்தேன். அவர்கள் இளநீர் குடித்து முடிப்பதற்குள் பிடித்துவிட்டது.

அந்தம்மா கிண்ணத்தை வாங்கி என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இதுல பாலு, ஜெலட்டின் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன்தான் பதில் சொன்னார்.

"தேங்காப்பாலும் கடல்பாசியும்தாம்மா. பாசின்னா கடல்ல வளர்ற செடி. எங்க வீட்டுல எது தின்னாலும் கடல்லேருந்துதான் வரணும். இது ஒண்ணுக்குத்தான் நான் வலை போடல."

அந்தம்மா சிரித்துவிட்டார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். அப்புறம் கிண்ணத்தையே வழித்துவிட்டார்.

"இலையப் போடுங்க சம்பந்தி," என்றார். "பசிக்குதுங்க."