புயலும் ஒரு பொய் மொழிபெயர்ப்பும்

ஆந்திர எல்லையில், பாலசமுத்திரம் பக்கம் எங்கள் வீடுகளில் தமிழ்ச் செய்திதான் ஓடும். பள்ளிக்கூடம், பட்டா, ரேஷன் எல்லாம் தெலுங்கில் நடந்தாலும், டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். சென்னையில் மழை விடுமுறை என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளும் ஒரு குதி குதித்துவிட்டு, அது நமக்கில்லை என்று நினைவு வந்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பவன் நான். சித்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். போன கார்த்திகையில் அதே தவற்றை நானும் செய்தேன். பிள்ளைகள் செய்தால் குதிப்பதோடு போகும். நான் செய்தபோது இரண்டு பேருந்து நிறைய ஜனம் என்னை நம்பி ஏறியிருந்தது.

திருப்பதிக்கு வெளியே எங்கள் கட்சியின் மாநாடு. எல்லைக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு. அதோடு, தலைவர் தெலுங்கில் பேசப் பேச நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சை யாரும் முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த மைக்கின் மேல் எனக்கு இருந்த ஆசையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வங்கக் கடலில் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. சென்னை அருகே கரையைக் கடக்கும் என்று சொல்லி வந்தார்கள். ஊர்ப் பெண்கள் வரத் தயங்கினார்கள். மாநாட்டு நாள் காலையில் தமிழ்ச் செய்தியில், புயல் வடக்கே திரும்பிவிட்டது, சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் ஆபத்து நீங்கியது என்றார்கள். நான் நேராகப் பேருந்து நின்ற இடத்துக்குப் போய், ஆபத்து நீங்கிவிட்டது, ஏறுங்கள் என்றேன். வடக்கே என்றால், தமிழ்நாட்டு எல்லை முடிகிற தடாவுக்கு மேலே. அதாவது எங்கள் மாவட்டத்தின் பக்கம். வகுப்பில் வரைபடத்தை மாட்டி வைத்துப் பாடம் நடத்தியவனுக்கு அது தோன்றவில்லை.

வண்டி கிளம்பும் நேரத்தில் என் மனைவியின் தம்பி போன் செய்தான். அவன் எதிர்க்கட்சி. போன தேர்தலிலிருந்து எங்களுக்குள் குத்தல் பேச்சு தவிர வேறு பேச்சில்லை.

"மாமா, பஸ்ஸ நிறுத்து. துபானு நம்ம பக்கம் வந்துக்கினு கீது."

"நியூஸ் பாத்தியா இல்லையா? ஆபத்து போயிடுச்சு."

"போச்சு. தமிழ்நாட்டுக்குப் போச்சு. நீ எந்த ஊர்ல ஓட்டு போட்ற? தெலுங்கு சேனலப் போட்டுப் பாரு."

"எங்க மீட்டிங் ரொம்பிடப் போவுதுன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"சரி, வயித்தெரிச்சல்தான். வண்டிய நிறுத்து மாமா. அக்காவும் உள்ள கீது."

நான் போனை அணைத்தேன். மனைவி முன் இருக்கையில் இருந்தாள். அவள் ஏறினால்தான் மற்ற பெண்கள் ஏறுவார்கள் என்று நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்தேன்.

"போன்ல யாரு?" என்று கேட்டாள்.

"கட்சிக்காரன்" என்றேன். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை.

புத்தூர் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் இரும்புக் குழாய்களை நட்டுத் தகரமும் நீலத் தார்ப்பாயும் போட்ட பெரிய பந்தல். மதியம் தாண்டியும் தலைவர் வரவில்லை. ரேணிகுண்டாவில் விமானம் இறங்க முடியாமல் திரும்பிவிட்டது, சாலை வழியாக வருகிறார் என்றார்கள். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. தார்ப்பாய் உப்பி உப்பி அடங்கியது. எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள்.

மேடையில் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் சித்தூர்க்காரர், என் வயதுக்காரர். "எவரூ கதலொத்து. நாயகுடு வஸ்துன்னாரு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடித்தேன். "யாரும் அசையாதீங்க. தலைவர் வந்துகொண்டிருக்கிறார்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது சாதாரண மழைதான். நான் பொறுப்பு" என்று அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். பாதி எழுந்தவர்கள் என் குரலைக் கேட்டு உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இருந்த குழாய் ஒன்று பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. எங்கள் தெருவில் வெல்லம் காய்ச்சும் வீட்டுப் பெண் ஒருவரின் கையில் விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தது மேடையிலிருந்து தெரிந்தது. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி என் மனைவி.

அப்போதுதான் மச்சான் மேடைப் படியில் ஏறினான். நான் போனை அணைத்ததுமே காரை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான். எங்கள் ஆட்கள் அடையாளம் கண்டு சட்டையைப் பிடித்தார்கள். "இன்னாடா, வேவு பாக்க வந்தியா?" என்று ஒருவன் உலுக்கினான். மச்சான் கையை ஓங்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"மாமா, என்ன அப்பால திட்டு. பின்னால கேட்டத் தாண்டினா கல்யாண மண்டபம் கீது. எங்காளுதுதான். தொறக்கச் சொல்லிட்டேன். நீ சொன்னாதான் இவங்க எழுந்திருப்பாங்க."

"உங்காளு மண்டபத்துக்கு எங்க கூட்டத்த அனுப்பச் சொல்றியா?"

ஆம், குழாய் விழுந்த பிறகும் இப்படிக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகக் கீழான பேச்சு அது.

அவன் கோபப்படவில்லை. "அக்கா அங்க உக்காந்துக்கினு கீது மாமா" என்றான். அதற்கு முன் அவன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

சித்தூர்க்காரர் மறுபடியும் தெலுங்கில் அதையே சொன்னார். யாரும் அசைய வேண்டாம், தலைவர் பக்கத்தில் வந்துவிட்டார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் தமிழில் சொன்னேன்: "எல்லாரும் எழுந்திருங்க. தள்ளாதீங்க. பின்னால இருக்கிற கேட் வழியா கல்யாண மண்டபத்துக்குப் போங்க. செருப்பத் தேடிக்கினு நிக்காதீங்க."

அவருக்கு என்னைப் போலவே தமிழ் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். மைக்கைப் பிடுங்கப் போகிறார் என்று நின்றேன். அவர் அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். பிறகு குனிந்து, "மாஸ்டாரு செப்பினட்டு செய்யண்டி" என்றார். மாஸ்டர் சொன்னபடி செய்யுங்கள் என்று அவரே தெலுங்கில் சொன்னதும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. அவர் அந்த இடத்தில் என்னைப் பொய்யனாக்கியிருக்கலாம். செய்யவில்லை. அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

கடைசி வரிசைகள் வெளியேறிக்கொண்டிருக்கும்போது மேடைப் பக்கத் தகரங்கள் பறந்தன. பந்தல் காலி நாற்காலிகள் மேல் படுத்தது. வேறு யாருக்கும் அடியில்லை.

மண்டபத்தின் சுவரெல்லாம் எதிர்க்கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே எங்கள் பெண்கள் எங்கள் கட்சித் துண்டுகளைப் பிழிந்து தலை துவட்டினார்கள். பெரிய அண்டாவில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. கரண்டியோடு நின்ற மச்சான், "எங்க கட்சிக்கு இவ்ளோ கூட்டம் வந்ததே இல்ல மாமா. அப்பப்ப கூட்டிக்கினு வா" என்றான். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அவன் சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை.

கை ஒடிந்த பெண்ணை அவன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கட்டுப் போட்டு முடிந்ததும் அவரிடம் சொன்னேன், காலையிலேயே எனக்கு எச்சரிக்கை வந்தது, நான்தான் மறைத்தேன் என்று. அவர் குனிந்து கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"இது கரும்பு வெட்ற கை சார்" என்றார். பிறகு, "வூட்ல அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க. வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது."

அவரை அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார்கள். நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பி வந்ததும், பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்ததை, யார் பேசியது என்பதை, நான் அணைத்ததை. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன என்கிட்ட குடுத்திருந்தா நானே எல்லாரையும் எறக்கியிருப்பேன்" என்றாள்.

உண்மைதான். அவள் சொன்னால் அத்தனை பேரும் இறங்கியிருப்பார்கள். சுற்றிலும் நான் ஏற்றி வந்தவர்கள் எல்லோரும் ஈரத்தோடு, சத்தமாக, ஒருவரை ஒருவர் கேலி பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று நினைத்தேன். அவள் ஒரு தட்டை எடுத்துப் பொங்கல் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"கரும்புக்காரம்மாவுக்கு எடுத்துக்கினு போங்க. அவங்க துன்னப்புறம் நீங்க துன்னலாம்."

தட்டை வாங்கிக்கொண்டேன். மச்சான் கார் சாவியோடு முன்னால் நடந்தான்.