நாலு காக்டெயில் குஞ்சும் என் கையெழுத்துச் சீட்டும்

பறவைக் கடைக்காரிக்கு வர்ற போன் எதுவும் நல்ல சேதி சொல்றதுக்கு வர்றதில்லை. "குஞ்சு நல்லாத் துன்னுதுக்கா"ன்னு சொல்ல இந்தப் பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூட எனக்குப் போன் போட்டதில்லை. குஞ்சை வித்துட்டு, சோத்துல கை வைக்கிற நேரம் போன் அடிச்சா எழுந்து ஓடினவங்க யாராவது இதைப் படிச்சா, வாங்க, நாம பங்காளிங்க.

என் கடை ஆந்திராவுல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின சித்தூர்ல. போன வருஷம் மாம்பழக் காலத்துல தங்கச்சி மகளுக்கு வேலூர்ல கல்யாணம். பத்து நாள் கடையை மூடணும். கூண்டுல அஞ்சு வாரத்துக் காக்டெயில் குஞ்சு நாலு, தலையில கொண்டை வச்ச சின்னக் கிளி ஜாதி. அந்த வயசுல அதுங்களுக்குத் தானாக் கொத்தித் தின்னத் தெரியாது. குஞ்சுக்குன்னே வர்ற மாவைக் கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல ஊட்டணும். தானாத் தின்ற வரைக்கும் குஞ்சை விக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவ நான். அன்னிக்கு அவசரத்துல நாலையும் நாலு பேருக்கு வித்துட்டேன். ஆளுக்கு ஒரு மாவு டப்பா, ஒரு சிரிஞ்சு, எப்படி ஊட்டணும்னு என் கையால எழுதின ஒரு சீட்டு. நாலு பேரும் என்கிட்ட வாய் நிறையத் தமிழ் பேசினவங்க. அதனால சீட்டைத் தமிழ்லயே எழுதினேன்.

கல்யாணப் பந்தியில உக்காந்தப்போதான் எனக்கு உறைச்சுச்சு. ஊட்டத் தெரியாம நாலும் செத்துப்போனா அந்தப் பாவம் என்னை விடுமா? பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டேன். ஊர் திரும்பினதும் கடையைத் திறக்காம வீடு வீடாக் கிளம்பினேன்.

எக்ஸ்போர்ட் சரக்கு

முதல் வீடு சித்தூர்லயே. மாம்பழக் கூழ் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கிற சீனிவாசன் வீடு. கூண்டுக்குள்ள எட்டிப் பார்த்தேன். குஞ்சோட கழுத்துக்குக் கீழே தீனி தங்குற பை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக் கிடக்கு. கிட்டப் போனா புளிச்ச வாடை. "இன்னாப்பா ஊட்டின?"ன்னேன். பிரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினான். மாம்பழக் கூழ்! ஜில்லுன்னு, மூணு வேளையும் அதுதானாம்.

அந்த நிமிஷமே குஞ்சைத் துண்டுல சுத்திக்கினு மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே பையைச் சுத்தம் பண்ணி மருந்து கொடுத்தாங்க. மூணு நாள் கழிச்சு எச்சம் ஒழுங்காப் போட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்துச்சு. "மாவு மட்டும், வெதுவெதுப்பான்னு எழுதியிருந்தேனே, கண்ணு இல்லியா உனக்கு?"ன்னு கத்தினேன். "தமிழ்ல இருந்துச்சேக்கா, நான் படிச்சது தெலுங்கு மீடியம்"னான். என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். எல்லை பிரிச்ச காலத்துல இருந்து எங்க ஜில்லாவுல பாதி வீட்டுக் கதை இதுதான், பேசறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. திருத்தணிப் பக்கம் பொறந்து தமிழ்ல படிச்ச எனக்கு அது தோணவே இல்லை. அவன் முகத்துல துளி வருத்தம் கிடையாது.

"அரபு நாட்டுக்காரனே சப்புக் கொட்டித் துன்றான்க்கா, இதுக்கு இன்னா கேடு?"

டான்ஸ்

ரெண்டாவது திருப்பதியில, லாட்ஜ்ல வேலை பார்க்கிறவரோட மனைவி சுஜாதா வீடு. "ரண்டி அக்கா, உள்ள வா, எங்க குருவி டான்ஸ் ஆடும் பாரு"ன்னு சொல்லி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால டங்கு டங்குன்னு தட்டினா. குஞ்சு மூலையில ஒட்டிக்கிச்சு. தலைமேல இருக்கிற கொண்டை குத்திட்டு நிக்குது, உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது, வாயில இருந்து புஸ் புஸ்ஸுன்னு சீறல்.

தட்டைப் பிடுங்கிக் கட்டில் மேல வீசினேன். "அடிப் பாவி, அது ஆட்டம் இல்லை, பயம். காக்டெயிலுக்கு மனசு கொண்டையில இருக்கு. கொண்டை குத்திட்டு நின்னா மிரண்டிருக்கு, தளர்ந்து பின்னால சாஞ்சா நிம்மதியா இருக்கு"ன்னேன். ஆடினாத்தான் மாவு ஊட்டுவாளாம்! கையில எடுத்துப் பார்த்தா நெஞ்செலும்பு கத்தியாட்டம் குத்துது. அங்கேயே உக்காந்து ஊட்டிக் காட்டி, அவளையும் ஊட்ட வச்சு, சீட்டை நான் சொல்லச் சொல்ல அவ கையாலேயே தெலுங்குல எழுத வச்சுட்டுத்தான் எழுந்தேன். பாவம், முகமே வெளுத்துப்போச்சு அவளுக்கு.

"பயமாக்கா அது? எங்க தெருவே கூடி நின்னு கை தட்டிச்சே!"

ரத்தம்

மூணாவது கார்வேட்டிநகரம். முனுசாமி அண்ணன், நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறவர். குஞ்சைப் பார்த்து நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சிருச்சு. அலகு, தாடை, நெஞ்சு, எல்லாம் ஒரே செவப்பு. ரத்தம்! "யாரு கடிச்சது? பூனையா?"ன்னு அலறினேன். வயல்ல இருந்து ஓடிவந்த அண்ணன் குஞ்சைத் தூக்கி வாய்கிட்ட வச்சாரு. வாயைத் திறந்தாரு. குஞ்சு தலையை உள்ளே விட்டு மென்ன சோத்தை எடுத்துத் தின்னுது. வாய் முழுக்க வெத்தலைச் சாறு.

எனக்குக் கோபம் வந்துச்சா சிரிப்பு வந்துச்சான்னு இன்னிக்கும் தெரியலை. மனுஷன் எச்சில்ல இருக்கிற கிருமி பறவையைக் கொல்லும், வெத்தலை பாக்கு அதுக்கு ஆகாதுன்னு தொண்டை வத்தக் கத்தினேன். சிரிஞ்சு எங்கேன்னா, கன்னுக்குட்டிக்குப் பேதி, அதுக்கு மருந்து ஊத்த எடுத்துக்கினாங்களாம், சீட்டைப் பிரிக்கவே இல்லியாம். கொடுமை என்னன்னா, நாலுல இதுதான் கொழுகொழுன்னு இருந்துச்சு. புதுச் சிரிஞ்சைக் கையில கொடுத்தேன். அதை ஏற இறங்கப் பார்த்தாரு அண்ணன்.

"அத்தோட ஆத்தாக்காரி இன்னா சிரிஞ்சி வெச்சிகினா ஊட்டினா?"

வேண்டுதல்

நாலாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வரதய்யபாளையத்துல கூலி வேலைக்குப் போற அமுலு. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். பஸ் மாறி மாறிப் போய் இறங்கினா வீடு பூட்டியிருக்கு. எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னாரு: "உன் சீட்டை நான்தான் படிச்சிச் சொன்னேன். அந்தப் பொண்ணு வரி வரியா மனப்பாடம் பண்ணிக்கினா, வெரலை வுட்டுச் சூடு பாக்காம ஒரு வேளைகூட ஊட்டினதில்ல. அப்பறம் இன்னாவோ, குருவி மூணு நாளா வாயே தொறக்கல. அழுதுகினே கெடந்தாங்க, இன்னிக்கு விடிஞ்சதும் திருப்பதிக்குக் கெளம்பிட்டாங்க." செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணி அவங்க வாசப்படியில உக்காந்துட்டேன்.

சாயங்கால பஸ்ல வந்து இறங்கினாங்க. புருஷனுக்கு மொட்டை, அமுலு நுனி முடியை மட்டும் வெட்டிப் பூமுடி கொடுத்திருந்தா. அவ கையில கூண்டு. உள்ளே குஞ்சு உயிரோட! எழுந்து ஓடினேன். பார்த்தா, தலையில கொண்டையைக் காணோம். ஒட்ட வெட்டியிருக்கு! "அடியே, இன்னாடி பண்ணின?"ன்னேன். "அது பொழைச்சா மூணு பேரும் முடி தர்றோம்னு வேண்டிக்கினேன்க்கா. வேண்டின மறுநாளே நாங்க காயவெச்ச தினையைக் கொத்திச்சு. அத்தோட முடியைப் பேப்பர்ல மடிச்சி மலைக்கு எடுத்துக்கினு போயி எங்க முடியோட போட்டோம்"னா. மூணு நாளும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் தொடலையாம்.

எனக்கு அழுகை வந்துருச்சு. ஆறேழு வார வயசு வந்தா குஞ்சு சிரிஞ்சைத் தானாத் தள்ளிவிடும், பக்கத்துல தினையைத் தூவி வச்சாப் போதும், அதாக் கொத்த ஆரம்பிக்கும். சீட்டுல எல்லாத்தையும் எழுதின நான் அதை எழுதலை. சீட்டைப் படிக்காதவங்க மூணு பேரும் நிம்மதியா இருந்தாங்க, எழுத்து பிசகாம நடந்தவளை நான் பட்டினி போட்டிருக்கேன். மறைக்காம அவகிட்டச் சொன்னேன். "கொண்டை மறுபடி முளைச்சிரும், தப்பு என்னுது அமுலு"ன்னேன். அவ கூண்டுக்குள்ள குனிஞ்சு பார்த்தா. குஞ்சு தினையைக் கடிச்சு உமியைத் துப்பிக்கிட்டு இருந்துச்சு. என் பக்கம் திரும்பினா.

"அப்ப அதுக்கு நோவே இல்லியாக்கா, வளந்துகினு இருந்துச்சா?"

இப்ப என் சீட்டு ரெண்டு பாஷையிலயும் அச்சடிச்சுக் கட்டுக் கட்டாக் கடையில இருக்கு, ஆனா தானாத் தின்னாத குஞ்சை நான் விக்கிறதே இல்லைங்கிறதால அதை வாங்கிக்கத்தான் ஆள் இல்லை.